தலையணை வைத்து ஓட்டிய கார்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எண்ணூரில் என் நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட். அதனால் ராயபுரத்திலிருந்து நானும் என் எட்டு வயது மகளும் மட்டும் காரில் கிளம்பினோம். லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. மிதப்புக்கு அது போதாதா?

எங்கள் காரில் ஒரு சட்டம் உண்டு: டிரைவர் சீட்டைத் தொடக் கூடாது. கணவர் ஆறடி. கிரேனில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு முதுகுவலி. சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, வலிக்காத ஓரிடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அடியில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். நான் அவர் தோள் உயரம். ஒருமுறை சீட்டை முன்னால் இழுத்ததற்கு ஒரு வாரம் முணுமுணுத்தார். எதற்கு வம்பு என்று முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்து, கால் விரலால் பிரேக்கை எட்டி மிதித்து ஓட்டப் பழகிவிட்டேன். அவர் கண்ணுக்குத் திருப்பி வைத்த நடுக் கண்ணாடியில் எனக்குக் காரின் கூரைதான் தெரியும்.

இன்னொன்று எங்கள் தெருவின் வழக்கம். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிவரும் மீன்பாடி வண்டிகள் எங்கள் சந்தில்தான் புகுந்து போகும். நீட்டிக்கொண்டிருக்கும் சைடு கண்ணாடி தப்பாது. அதனால் காரை நிறுத்தியதும் இரண்டு பக்கமும் மடித்துவிடுவோம். கிளம்பும்போது விரிக்க வேண்டும். நான் பாதி நாள் மறந்துவிடுவேன். யாராவது சொன்னால், முன்னால் பார்த்து ஓட்டினால் போதும் என்பேன்.

மகள் முன்சீட்டுக்கு அடம் பிடித்தாள். பெல்ட் கழுத்தை அறுக்கிறது, பாவாடை கசங்குகிறது என்று சிணுங்கினாள். நேரமாகிவிட்டதே என்று மேல் பட்டையை அவள் முதுகுக்குப் பின்னால் தள்ளி பெல்ட்டை மாட்டிவிட்டேன். எச்சரிக்கைச் சத்தமும் நின்றது, அவளும் அடங்கினாள்.

திருவொற்றியூரைத் தாண்டும்போது பின்னால் ஒரு டிரெய்லர் ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பொம்பளை ஓட்டினால் இவர்களுக்குப் பொறுக்காது என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன். அப்போது எனக்கு முன்னால் போன லோடு ஆட்டோ சட்டென்று நின்றது. நான் வலப்பக்கம் ஒடித்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று நானே முடிவுசெய்துகொண்டேன். காது கிழிகிற மாதிரி ஒரு பிரேக் சத்தம். என் ஜன்னல் முழுக்க அந்த டிரெய்லரின் பெரிய சக்கரம். மாதாவே என்று இடப்பக்கம் திருப்பி பிரேக்கை மிதித்தால், தலையணை நழுவி, கால் வழுக்கிவிட்டது. இரண்டாவது மிதியில்தான் கார் நின்றது, லோடு ஆட்டோவுக்கு ஒரு சாண் பின்னால். மகளின் நெற்றி டாஷ்போர்டில் மோதியது. அவள் அழவில்லை. அழாததுதான் எனக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது.

முன்னால் கன்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டதால் எதுவும் நகரவில்லை. டிரெய்லர் டிரைவர் இறங்கி வந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவனாக இருப்பான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நானும் தயாரானேன். அவன் முதலில் மகளின் நெற்றியைப் பார்த்தான். பிறகு மடங்கியிருந்த கண்ணாடியைத் தன் கையாலேயே விரித்தான்.

"இன்னாக்கா, ரெண்டு கண்ணாடியும் மடிச்சிக்கினு வர்ற. இத்த சொல்லத்தான் அந்தாண்ட இருந்து ஹாரன் அடிச்சிக்கினு வரேன்."

தப்பு என் மேல் என்று தெரிந்தும் வாய் சும்மா இருக்குமா? அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கு எல்லாம் தெரியுமே, நீ பார்த்து ஓட்டக் கூடாதா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. வண்டிச் சாவியை என் கையில் கொடுத்து, ஏறிப் பார்க்கச் சொன்னான். மகளுக்குத் துணையாக என் கார் பக்கத்திலேயே நின்றான்.

பட்டுப் புடவையோடு தட்டுத்தடுமாறி ஏறி அவன் சீட்டில் உட்கார்ந்தேன். ரோடு தெரிந்தது, கடல் தெரிந்தது. என் காரைக் காணோம். இடப்பக்கக் கண்ணாடியில் கன்டெய்னரின் பக்கவாட்டு மட்டும்தான். எழுந்து எட்டிப் பார்த்தேன். அவன் கீழேயிருந்து கையை ஆட்டினான். அவனுடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. என் மகள் இருக்க வேண்டிய இடத்தில் ரோட்டோரத்துச் சுவர்தான் இருந்தது.

கீழிருந்து அவன் குரல் வந்தது. "இந்த எடத்துக்கு வந்துட்டா எனக்கு நீ இல்லக்கா. பின்னாலேருந்தே உன்னப் பாத்துக்கினு வந்தேன், அதான் பிரேக்கு புட்ச்சேன்."

இறங்கிவந்து சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு என் காரில் ஏறினேன். சீட்டை முன்னால் இழுத்தேன். சிவப்பு டேப் எங்கோ பின்னால் போய்விட்டது. பாதம் முழுதாக பிரேக்கில் பதிந்தது, அந்தக் காரில் முதல்முறையாக. மூன்று கண்ணாடிகளையும் என் கண்ணுக்குத் திருப்பினேன். மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டைத் தோள்மேல் சரியாக மாட்டினேன். அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். அதற்குள் வரிசை நகர, அவன் ஏறிப் போய்விட்டான். ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எண்ணூரில் எல்லோரும் தேற்றினார்கள். பிரியாணி எனக்கு இறங்கவில்லை. அன்று மாலை காரில் ஏறிய கணவர், சீட் நகர்ந்திருப்பதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகளின் நெற்றி வீக்கத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மறுநாள் அவரே என் இடத்தைக் கேட்டு, அங்கே ஒரு நீல டேப் ஒட்டினார்.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. நெற்றியில் தழும்புகூட இல்லை. ஆனாலும் சாவியைத் திருகும் முன் கண்ணாடியைத் தொடும் ஒவ்வொரு முறையும், அந்த உயரத்திலிருந்து நான் பார்த்த, என் பிள்ளை இல்லாத அந்தச் சுவர் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.