நீசாவுக்காக முடிந்து வைத்த காசு

போன வாரம் கோவில்பட்டியில் சௌந்தர் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் கட்டிலில் குப்புறப் படுத்து, செல்போனைத் தலையணையில் சாய்த்துவைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பாட்டுக்குக் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். போனிலிருந்து திடீரென்று ஒரு பாட்டு. திடும் திடும் என்று அடி, நடுவில் ஒரு பெண்பிள்ளையின் கலகலச் சிரிப்பு. அவ்வளவுதான், என் கை நின்றுவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். காதில் விழுந்தது பாட்டு, மூக்கில் ஏறியதோ தீப்பெட்டி மெழுகு வாசனை.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவள். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு அதுதான் பேர். பொழுது சாய்கிற நேரத்தில் வேன் எங்களைக் கொண்டுவந்து ஊர் முக்கில் இறக்கிவிடும். என்ன சோப்புப் போட்டாலும் கையிலிருந்து மெழுகும் மருந்தும் கலந்த வாசனை போகாது. மழைக்காலம் என்றால் காலில் கரிசல் மண் வேறு அப்பிக்கொண்டு, செருப்பு பாதி தூரத்திலேயே பிய்ந்து நிற்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் ஓடுவது எங்கள் வீட்டுக்கு அல்ல. பெரியம்மா வீட்டுக்கு. அங்கேதான் டிவியில் மும்பை தெரியும்.

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி, சௌந்தர் அண்ணனைப் பெற்றவள். விளாத்திகுளம் ரோட்டில் எங்கள் ஊரில் அவள் வாய்க்கு அஞ்சாதவர் கிடையாது. மார்கழியில் ஒரு வடக்கத்திக்காரர் சைக்கிளில் கம்பளி விற்க வருவார் (எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளி யார் கேட்டார்கள் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்). ஊரெல்லாம் கறாராகப் பேசுகிற மனிதர், பெரியம்மா வாசலில் மட்டும் பாதி விலைக்கு இறங்கி, சிரித்துக்கொண்டே போவார். இவள் போட்ட சத்தத்துக்குப் பயந்துவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். எங்கள் புத்தி அவ்வளவுதான் எட்டியது.

அந்த வருஷம் புரட்டாசியில், மிளகாய் விதைக்கிற நேரம், பெரியம்மாவின் தம்பி தன் மகளைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டு மும்பைக்குத் திரும்பிப் போனார். கனி என்று பேர். அங்கேயே பிறந்து வளர்ந்து பன்னிரண்டாவது முடித்தவள். அத்தை மகனுக்குத்தான் அவள் என்று தொட்டிலில் கிடக்கும்போதே பேசிவைத்தது. தை பிறந்தால் சௌந்தர் அண்ணனோடு கல்யாணம். நான் முதல்நாளே ஆசையாக "வாங்க மதினி" என்றேன். அவள் என்னைக் கிணற்றடிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"மதினின்னு கூப்பிடாதட்டி. எனக்கு நர்சுக்குப் படிக்கணும். அப்பாட்ட சொன்னேன், அடிக்க வந்துட்டாவ."

"அத்தைட்ட சொல்லேன்."

"என்னன்னு சொல்ல? எனக்கு மூணு நேரமும் பிசைஞ்சு ஊட்டாத கொறைதான். அவிய மொகத்தப் பாத்து ஒங்க மகன் வேண்டாம்னு எப்படிட்டி சொல்லுவேன்?"

அண்ணனும் தங்கமான ஆள்தான். அதுதான் சங்கடமே. கெட்டவனாக இருந்தால் அழுது புரண்டாவது தப்பித்திருக்கலாம். கனி சாப்பாட்டைக் குறைத்தாள், பேச்சைக் குறைத்தாள். ஒருநாள் சாயங்காலம் டிவியில் சும்மா சேனலைத் தள்ளிக்கொண்டே வந்தவள், "எங்க ஊரு! அத்தை, எங்க ஊரு!" என்று கத்திவிட்டாள். இந்தி நாடகம். பெரியம்மா ரிமோட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இது ஓடட்டும். பிள்ளை இன்னைக்குத்தான் வாய் தெறந்து பேசியிருக்கு."

அப்படித்தான் எங்கள் தெருவுக்குள் மும்பை வந்தது. நாடகத்தின் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை, ராத்திரிப் பிள்ளைகள் நாடகம் என்று நாங்களே பேர் வைத்தோம். ஐந்து சிநேகிதர்கள், மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். பகலெல்லாம் எங்கோ வேலை பார்ப்பார்கள், பொழுதடைந்ததும் கிளம்பிவிடுவார்கள். அம்மாடி, அந்த ராத்திரியை நான் எப்படிச் சொல்வேன்! ராத்திரிக்கு அத்தனை நிறம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. சிவப்பு, நீலம், வயலெட் என்று ரோடெல்லாம் வெளிச்சம் வழிந்து கிடக்கும். நடுராத்திரியில் அந்தப் பெண்கள் கடலோரச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து ஐஸ் தின்பார்கள். யாரும் அவர்களை வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. இருட்டினால் பக்கத்து வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போகவும் துணைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிற நான், மெழுகுக் கையைக் கன்னத்தில் வைத்தபடி வாய் பிளந்து உட்கார்ந்திருப்பேன்.

எங்களில் இந்தி தெரிந்தவள் கனி ஒருத்திதான். அவள் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்போம். கேள்வி கேட்கும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு ராமுத்தாய் அக்கா எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அதுக என்னத்தக் குடிக்குதுக?"

"நன்னாரி சர்பத்துக்கா."

"அது என்ன எடம், இருட்டும் வெளிச்சமுமா மின்னிக்கிட்டு கெடக்கு?"

"கல்யாண மண்டபம். ரிசப்ஷன் நடக்குது."

"தெனமுமா ரிசப்ஷன்?"

"மும்பைல முகூர்த்தம் பாக்க மாட்டாவக்கா."

ராமுத்தாய் அக்கா மோவாயில் கை வைத்துக்கொண்டு, "பணம் படைச்ச ஊருல்லா" என்பாள். பெரியம்மா வெற்றிலையை மென்றுகொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஐந்து பேரில் சுருட்டை முடிக்காரி நீசாதான் எங்கள் செல்லம். போகப் போக நீசாவின் கதை கனத்துவிட்டது. அவளுக்கு நர்சுக்குப் படிக்க ஆசையாம். வீட்டில் அத்தை மகனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்களாம். அந்தத் துக்கத்தை மறக்கத்தான் தினமும் ராத்திரி சிநேகிதர்களோடு கடலைப் பார்க்கப் போகிறாளாம். இரண்டு கதையும் ஒன்றுபோல இருக்கிறதே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. உலகத்தில் எல்லா அத்தைகளுக்கும் மகன்கள் இருக்கத்தானே செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ராமுத்தாய் அக்கா விடவில்லை. "இந்திக்காரவியளும் அத்தை மகனக் கட்டுவாவளாட்டி? எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல இருந்தவரு, வடக்க அந்த மொறையே கெடையாதும்பாரே."

கனி திணறினாள். அப்போது பெரியம்மாதான் எட்டிப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அதட்டினாள். "ஏதோ நம்ம பக்கத்துலருந்து பொழைக்கப் போன குடும்பமா இருக்கும். சும்மா கேளுட்டி, குறுக்க பேசாத. நீ சொல்லு தாயி."

கார்த்திகை முடிகிற சமயம். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க நாள் பார்த்தாகிவிட்டது. அன்றைக்கு நாடகத்தில் நீசா காருக்குள் உட்கார்ந்து ஒரே அழுகை. கண்மை எல்லாம் கன்னத்தில் ஓடுகிறது. கனி வழக்கம்போலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்க அத்தை நல்லவிய. அவிய மகனும் நல்லவரு. அவியள வேண்டாம்னு சொல்லலியே. எனக்குப் படிக்கணும், அவ்வளவுதான். இத அவிய மொகத்தப் பாத்து எப்படிச் சொல்லுவேன், சொன்னா அவிய மனசு ஒடஞ்சிருமேன்னு... அழுவுதா." கடைசி வார்த்தை சரியாக வரவில்லை. டிவியில் நீசா கண்ணைத் துடைத்துவிட்டாள். இவள் துடைக்கவில்லை.

பெரியம்மா எழுந்து உள்ளே போனாள். மஞ்சள் நனைத்த துணித்துண்டும் ஒரு ரூபாய்க் காசும் எடுத்துவந்து, மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று, சத்தமாக வேண்டினாள்.

"ஆத்தா மாரியம்மா, அந்த நீசாப் பிள்ளைய நல்லபடியாப் படிக்க வச்சிரு. அது படிச்சு வேலைல போயி உக்காந்ததும் ஒனக்கு மாவெளக்கு எடுக்கேன். அதுவரைக்கும் இந்த வீட்டுல கல்யாணங்காச்சி கெடையாது. இது சத்தியம்." காசைத் துணியில் முடிந்து படத்தின் ஆணியில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "ரிமோட்டு எங்கட்டி?"

உங்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்கலாம். சாமிக்கு என்று முடிந்த காசை முடிந்தவர்தான் அவிழ்க்க வேண்டும். அதுவும் வேண்டுதல் நிறைவேறிய பிறகுதான். வேறு கை பட்டால் வீட்டில் அம்மை போடும் என்று அப்படியொரு பயம். பெரியப்பா மிளகாய்க் காட்டிலிருந்து வந்து விஷயம் கேட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"இவளுக்குக் கோட்டி புடிச்சிட்டு! டிவில ஆடுத பிள்ளைக்காவ எவளாவது பெத்த மகன் கல்யாணத்த நிப்பாட்டுவாளா?"

"நேந்துட்டேன். என்ன செய்யச் சொல்லுதீய? வேணும்னா நீங்களே அவுத்துருங்க."

பெரியப்பா ஆணியில் தொங்கிய முடிச்சைப் பார்த்தார். கையைத் தூக்கினார். தூக்கிய கையால் பிடரியைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார். சௌந்தர் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். அன்றைக்கே பெரியம்மா தம்பிக்குப் போன் போட்டாள். நேர்ந்தது நேர்ந்ததுதான், நீசா படித்து முடிக்கிறவரை இந்தப் பிள்ளை இங்கே சும்மா இருந்து என்ன செய்யப் போகிறது, அங்கேயே ஏதாவது படிக்கட்டும் என்றாள். மும்பையிலும் அதே மாரியம்மன்தான், அதே பயம்தான். கோவில்பட்டி ஸ்டேஷனில் கனியை ரயில் ஏற்றிவிட நானும் போனேன். ரயில் நகர்ந்த பிறகும் அவள் கை ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டே இருந்தது.

தீப்பெட்டி ஆபீசில் இந்தக் கதை பல நாள் ஓடியது. நாடகத்துப் பிள்ளைக்கு நேர்ந்துகொண்ட பெரியம்மாவின் வீட்டுப் பிள்ளை என்றே என்னைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச காலத்தில் கேபிள்காரர் அந்தச் சேனலைத் தூக்கிவிட்டார். கனி நர்சுக்குப் படித்து, மும்பையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்தாள். அந்த மாசமே பெரியம்மா பச்சரிசி இடித்து மாவிளக்கு எடுத்தாள். "நீசா பாசாயிட்டாளாக்கும்?" என்று ராமுத்தாய் அக்கா கேலியாகக் கேட்டாள். "பாசாயிட்டா" என்று பெரியம்மா முகம் மாறாமல் சொன்னாள். மும்பை வேலையை விட்டுக் கனி இங்கே வரமாட்டாள் என்றாகிவிட, அடுத்த தையில் சௌந்தர் அண்ணனுக்குக் கயத்தாற்றில் பெண் எடுத்தார்கள். வெகுளியான பெரியம்மா, அதிர்ஷ்டக்காரக் கனி. இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

இப்போது அதே நாடகம் அண்ணன் மகள் போனில் ஓடுகிறது. அடியில் தமிழ் எழுத்து வேறு. கீரையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டேன். நீசா காரில் அழுகிற இடத்தைத் தேடிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். அதே கார், அதே கண்மை. கீழே எழுத்து ஓடியது: ‘என் பிறந்தநாளை நீங்கள் எல்லாரும் மறந்துவிட்டீர்கள்!’

நர்ஸ் படிப்பு இல்லை. அத்தை இல்லை. அத்தை மகன் இல்லவே இல்லை. முன்னால் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். கிடையாது. அடியாத்தி, அத்தனை மாசமும் அந்தச் சின்னப்பிள்ளை எங்கள் கண்முன்னால் உட்கார்ந்து ஒரு நாடகத்தையே கட்டியிருக்கிறாளே! உடனே மும்பைக்குப் போன் போட்டேன். கனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இப்பத்தான் கண்டுபுடிச்சியாட்டி?"

"எங்க எல்லாரையும் ஏமாத்திட்டியே! பாவம், பெரியம்மா எப்படி நம்பிட்டாவ!"

கனி சிரிப்பதை நிறுத்தினாள்.

"அத்தை கண் ஆபரேஷனுக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாவல்லா? டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் எடுத்துச் சொல்லலாம்னு வாயத் தொறக்கேன், அதுக்குள்ள அவியளே பதில் சொல்லுதாவ. இந்தில. எனக்கு அப்படியே சிலுத்துப்போச்சு. அப்பாட்ட கேட்டா, அக்கா சமையுற வரைக்கும் இங்கன மும்பைத் தெருவுலதான வளந்தா, எங்கள விட நல்லா பேசுவாளேங்காவ."

பாதி விலைக்குக் கம்பளி கொடுத்துவிட்டுச் சிரித்தபடி போகிற அந்த மனிதர் கண்முன் வந்தார்.

"நீ கேக்கலியா?"

"கண்ணுல கட்டோட படுத்துக் கெடந்தாவ. பக்கத்துல உக்காந்து கேட்டேன். அப்ப அந்த நாடகம் ஒங்களுக்குப் புரிஞ்சிச்சா அத்தைன்னேன். புரியாம என்ன, அந்த நீசா பொறந்தநாள மறந்துட்டாங்கன்னுல்லா அழுதா, நீ அழுதது வேறல்லா தாயின்னாவ."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன்.

பெரியம்மா போய் ஒரு வருஷமாகிறது. மாலை போட்ட படத்தில் வெற்றிலைக் காவி தெரியச் சிரித்துக்கொண்டு அண்ணன் வீட்டுச் சுவரில் இருக்கிறாள். அந்தப் பழைய டிவி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. முடிந்த காசு கோயில் உண்டியலில் விழுந்து, பிறகு எங்கெங்கே போனதோ.

அண்ணன் மகளிடம் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னேன். அடியில் ஓடுகிற எழுத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"எழுத்த எடுத்துட்டா ஒங்களுக்கு என்ன வெளங்கும் அத்தை?"

"சும்மா கேளுட்டி, குறுக்க பேசாத" என்றேன். அவள் முழித்தாள், ஆனால் எடுத்துவிட்டாள். நீசா மறுபடி அழுதாள். நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கதை சொல்லத்தான் அங்கே யாரும் இல்லை.