மத்தியானக் குடித்தனம்

தாராபுரத்துப் பக்கம் கிணறு வற்றிப்போன ஒரு தோட்டத்தை விட்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் பூவாத்தாளும் அவள் புருஷன் லிங்கசாமியும் திருப்பூருக்கு வந்தார்கள். காதர்பேட்டைக்குப் பின்னால் பொங்கியண்ணன் என்பவரின் வளவில், வரிசை வீடுகளில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. அவள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினாள். அவன் மூட்டை தூக்கினான். மழை பெய்தால் ஓடு ஒழுகும். தண்ணீருக்குத் தெருக்குழாயில் மல்லுக்கட்ட வேண்டும். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டால் அது அவர்கள் வீடு.

கம்பெனிகள் பெருகப் பெருக, ஆட்களைக் குடிவைப்பதைவிட மிசினைக் குடிவைப்பதே லாபம் என்று வளவுக்காரர்கள் கண்டுகொண்டார்கள். ஒருநாள் பொங்கியண்ணன் வாசலில் வந்து நின்றார். கெட்ட மனுஷர் இல்லை; பேசுவதற்கே சங்கடப்பட்டார்.

"ஏனாத்தா, தை பொறக்கறதுக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிருங்க. இங்க கம்பெனி போடறனுங்க."

"நாங்க எங்கீங்க போறது? பக்கத்துல ஊடே இல்லீங்களே."

"நானும் நாலு பக்கம் சொல்லி வெக்கறேன்."

வேலை முடிந்து இருவரும் தெருத்தெருவாக அலைந்தார்கள். காலியாக இருந்த இடமெல்லாம் ஏற்கெனவே நூல் குடோனாகி இருந்தது. கடைசியில் பொங்கியண்ணனே தன் புதுக் கம்பெனியில் லிங்கசாமிக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்தார். ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்ளலாம். ஆனால் பெண்பிள்ளை தங்கக் கூடாது என்றுவிட்டார். பூவாத்தாள் நொய்யலுக்கு அக்கரையில், கூட வேலை செய்யும் மருதம்மாளின் அறையில் குறுக்கே சேலையைக் கட்டிப் பாதியில் ஒண்டிக்கொண்டாள்.

அதன்பிறகு, அவள் வேலை விடும் நேரத்தில் அவன் காவலுக்குப் போய்விடுவதால், புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். அவள் கம்பெனிச் சுவரோரம் உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்து, பக்கத்தில் ஆள் இருப்பதால் உப்பு உறைப்பைப் பற்றி மட்டும் பேசுவார்கள். சங்கு ஊதினால் எழுந்துவிட வேண்டும்.

ஒருநாள் அவன் சோற்றைத் தொடவில்லை. அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"எப்ப இருந்துங்க மாமா?"

"முந்தாநேத்து ராத்திரியில இருந்து."

"நேத்துச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சொன்னா மட்டும் நீ எங்க வெச்சுப் பாத்துக்குவே, புள்ளே?"

அவள் முந்தானையை நனைத்து அவன் நெற்றியில் ஒற்றினாள். காய்ச்சல் விட்டதும் ஞாயிறுதோறும் தனியாகவே வீடு தேடிக் கிளம்பினாள். ஒவ்வொரு வாரமும் ஊரின் விளிம்பு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. பல மாதங்கள் கழித்து, திருமுருகன்பூண்டிக்கும் அப்பால், சோளக்காட்டு ஓரத்தில் ஓலை வேய்ந்த சின்னச் சாளை ஒன்று கிடைத்தது. பஸ் கிடையாது. லிங்கசாமி வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் மூட்டைக்குப் போக வேண்டும். போகிறேன் என்றான்.

குடிபோன அன்று மூன்று கல்லைக் கூட்டி அவள் சோறாக்கினாள். அவன் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, சுவரில் சாய்ந்தபடி கேட்டான்:

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்போணும்?"

"கோழி கூப்பிடறதுக்கு முந்திக் கிளம்பினாத்தானுங்க நடந்து சங்குக்குள்ள போய்ச் சேரலாம்."

அவன் அங்கேயே காலை நீட்டிப் படுத்தான். அவள் வட்டிலை எடுத்து வெளியே கழுவப் போனாள்.