இருமாமல் தேர்ச்சி

"முழுங்குங்க. இருமல் வந்தா அடக்கிக்கணும். அங்க இருமினா மார்க் போயிடும்."

மனைவி கரண்டியை டியூஷன் மாஸ்டரின் உதட்டருகே பிடித்திருந்தாள். காலையிலிருந்து இது பதினோராவது கரண்டித் தண்ணீர். மாஸ்டர் விழுங்கினார். தொண்டையில் கிளம்பியதை நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டு அடக்கினார். கண்ணில் நீர் முட்டியது. மனைவி நோட்டில் ஒரு டிக் போட்டாள்.

நடுக்கவாதம் வந்து ஆறு வருஷம். கை நடுங்கியபோது கரும்பலகையில் எழுதுவதை மனைவியிடம் கொடுத்தார். நடை குறுகியபோது வகுப்பை மாடியிலிருந்து முன்னறைக்கு இறக்கினார். இப்போது நோய் தொண்டைக்கு வந்திருந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரியில் விழுங்கும் சோதனை. தேறாவிட்டால் மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய். குழாயோடு பிள்ளைகள் முன்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சோதனை என்றதும் வீட்டில் பயம் போய்ச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாக அந்த வீடு நம்பியது ஒன்றைத்தான்: பாடம் புரிய வேண்டாம், கேள்வி தெரிந்தால் போதும். கணக்கே வராத எத்தனையோ பேரை மாஸ்டர் கரையேற்றியிருக்கிறார். அவர்களில் இருவர் இன்று பாலம் கட்டுகிறார்கள். போன வாரம் சோதனை முடித்து வந்த ஒருவரை மனைவி ஆஸ்பத்திரி பெஞ்சில் மடக்கி விசாரித்திருந்தாள். முதலில் தண்ணீர், அடுத்து மசித்த பழம், கடைசியில் பிஸ்கட். இருமுகிறாரா என்று பார்ப்பார்கள். வினாத்தாளே கைக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. தண்ணீர் முடிந்ததும், சோதித்த பெண் ஸ்டெதஸ்கோப்பை அவர் கழுத்தில் வைத்து, 'ஆ' சொல்லச் சொன்னாள். அந்தக் கேள்வி வினாத்தாளில் இல்லை. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளத்தது. அவள் பழத்தையும் பிஸ்கட்டையும் ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"இருமல் வரலையா சார்?"

"வந்துச்சும்மா. அடக்கிட்டேன்." மாஸ்டர் முகத்தில் முதல் ரேங்க் வாங்கியவரின் அடக்கம்.

"யாரு அடக்கச் சொன்னது?"

மனைவி நோட்டைக் கைப்பைக்குள் திணித்தாள்.

"தண்ணி நுரையீரலுக்குள்ள போகாம காப்பாத்துறதே அந்த இருமல்தான் சார். அதைப் போய் அடக்குவாங்களா?"

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குக் குழாய்தான் என்று எழுதினார்கள். மறுகூட்டலுக்கு வழி உண்டா என்று மாஸ்டர் கேட்டார். சோதித்த பெண் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை குழாய் போட்டார்கள். நெஞ்சில் சளி கட்டியிருந்ததால் ஊசி மருந்தும் ஆரம்பித்தார்கள். மனைவி வீட்டுக்குப் போய், இரண்டு வாரம் வகுப்பு இல்லை என்று எழுதிக் கதவில் ஒட்டினாள். நான்கு பிள்ளைகள் வந்து அதைப் படித்தார்கள். பக்கத்துத் தெருவில் வேறு டியூஷன் இருக்கிறதா என்று அவளிடமே விசாரித்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் மாஸ்டருக்கு மத்தியானச் சாப்பாடு குழாய் வழியாக இறங்க இருபது நிமிஷம் ஆனது.