எதிர்க்கடை செல்லப்பாண்டியும் இறுகிப்போன இன்ஜினும்

செல்லப்பாண்டியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மில்லர்புரத்தில் என் மளிகைக் கடைக்கு நேர் எதிரே அவனுடைய பட்டறை. காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக ஏதாவது ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியை உதைத்துக் கிளப்புவான். அதன் சைலன்சர் என் கடையைப் பார்த்துத்தான் இருக்கும். புகை ரோட்டைத் தாண்டி வந்து என் பருப்பு மூட்டை மேல் படியும். மாநகராட்சிக்கு இரண்டு தடவை மனு கொடுத்தேன். அது காதில் விழுந்ததும் மறுநாள் இரண்டு வண்டிகளைச் சேர்த்து நிறுத்திக் கிளப்பினான். அப்படிப்பட்ட ஆள்.

அவனுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். வயலும் வாய்க்காலுமான வீடு. சேற்றில் இறங்கப் பிடிக்காமல் பதினாறு வயதில் தூத்துக்குடிக்கு ஓடிவந்து கிரீஸில் இறங்கியவன். நாங்கள் பனங்காட்டுக்காரர்கள், உடன்குடிக்குத் தெற்கே. எங்கள் பக்கத்தில் தண்ணீரையே அளந்துதான் குடிப்போம். ஆற்றங்கரைக்காரர்களோ வார்த்தையைக்கூட அளக்க மாட்டார்கள். வண்டியைக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்து, "இத ஓட்டுதீரா, இல்ல சித்திரவதை செய்யுதீரா?" என்று கேட்பான். வியாபாரம் பண்ணுகிறவன் வாய் அப்படி இருக்கலாமா?

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் காது தப்பாது. தெருமுனையில் வரும் வண்டியின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவனிடம் மட்டும் இல்லை, இந்த ஊர் மெக்கானிக்குகள் எல்லாரிடமும் உண்டு. டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயிலுக்குத் தனியாக ஒரு சின்ன டேங்கும், அதிலிருந்து இன்ஜினுக்கு ஆயிலை அனுப்ப ஒரு பம்பும் இருக்கும். அந்தப் பம்பை நம்பாமல் கழற்றி அடைத்துவிட்டு, "இனிமே பெட்ரோல்லயே ஆயிலக் கலந்து ஊத்துங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். அதைச் சொல்ல மறந்தால் போச்சு. ஆயில் இல்லாமல் பிஸ்டன் சூடேறி இறுகி, ஓடும் வண்டி அப்படியே நின்றுவிடும்.

இப்போது என் அண்ணன் கதைக்கு வருகிறேன். அண்ணன் சிவப்பிரகாஷ் 2003இல் தருவைகுளத்து வில்பிரட்டிடம் ஒரு வண்டி வாங்கினான். வில்பிரட் கப்பலில் வேலை பார்த்தவர். வண்டி யமஹா டிடி. உயரமான மட்கார்டு, பல்லுப்பல்லாக டயர், மண்ணில் ஓட்டவென்றே ஜப்பான்காரன் செய்தது. எங்கள் ஊர்த் தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில், மற்ற வண்டிகள் அச்சுவரை புதைந்து நிற்கும். இது ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும். அதைப் பராமரித்தவன் செல்லப்பாண்டி. அவனும் அண்ணனும் அப்போது நகமும் சதையும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் தேரிக்குப் போய்விட்டு, தலையெல்லாம் செம்மண்ணோடு திரும்பிவந்து ஒரே இலையில் பரோட்டா தின்பார்கள்.

மறுவருஷம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு அண்ணன் நேர்ந்துகொண்டு போலீஸ் வேஷம் கட்டினான். பத்தாம் நாள் காலையில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக வண்டியில் கிளம்பினான். குலசேகரன்பட்டினத்தை எட்டுவதற்கு முன்னால் ஒரு வளைவில் இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் சுற்றாமல் நின்றது. அண்ணன் பறந்துபோய் மைல்கல்லில் விழுந்தான். போலீஸ் வேஷத்தில் கிடந்தவனை நிஜப் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கால் மடங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மெக்கானிக், "இன்ஜின் சீஸ் ஆயிட்டு அண்ணாச்சி, ஆயிலே போகல" என்றார். நான் உடனே ஸ்டேஷனுக்குப் போனேன். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று ஒரு கூட்டமே கூட வந்தது. அத்தனை பேர் முன்னிலையில் சத்தமாகச் சொன்னேன்: "செல்லப்பாண்டிதான் பம்ப அடச்சிட்டு, சொல்லாம விட்டான்." அதையே புகாராகவும் எழுதிக் கொடுத்தேன். வண்டியின் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் போட்டு, கீழே தாணுலிங்கம் என்று கையெழுத்திட்டேன்.

செல்லப்பாண்டியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "இந்த வண்டில நான் பம்பத் தொடவே இல்ல சார். ஜப்பான் பம்பு, அதப் போய் எதுக்கு அடைக்கணும்? இன்ஜினத் திறந்து பாருங்க" என்று கத்தினான். திறந்து பார்க்க நான் விடவில்லை. ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்ததும் முத்தையாபுரத்தில் இருந்த எங்கள் சரக்குக் கிட்டங்கிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டேன். மூன்று தடவை வந்து கேட்டான். மூன்றாவது தடவை நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினேன்.

வழக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. பேர்தான் போகவில்லை. "காலை ஒடிக்கிற மெக்கானிக்" என்று ஊர் வைத்த பேர் அவன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. வந்துகொண்டிருந்த வண்டிகள் நின்றன. உப்பளத்துத் தண்ணீர் மோட்டார், மருந்தடிக்கிற மிஷின் என்று கிடைத்ததைப் பார்த்து வயிற்றைக் கழுவினான். தெரியாத வெளியூர்க்காரன் யாராவது பழைய வண்டியைக் கொண்டுவந்தால் உண்டு. அண்ணன் என் கடை மாடியிலேயே முடங்கினான். செல்லப்பாண்டி பேரைச் சொன்னாலே காறித் துப்புவான். நானும் கூடச் சேர்ந்து துப்புவேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கிட்டங்கிக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு உள்ளே கிடந்ததையெல்லாம் அள்ளிப் பழைய இரும்புக்குப் போட்டேன். வண்டியும் அதோடு போய்விட்டது, இனி நிம்மதி என்று நினைத்தேன்.

பழைய இரும்புக் கடை பாண்டியராஜன் பிறகு சொல்லித்தான் மற்றது எனக்குத் தெரியும். போன வருஷம் செல்லப்பாண்டி ஏதோ செயின் தேடி அங்கே போயிருக்கிறான். மூலையில் ஒரு எலும்புக்கூடு. பெட்ரோல் டேங்க் இல்லை, ஹெட்லைட் இல்லை, உப்புக்காற்று தின்று மிச்சம் வைத்தது. பாண்டியராஜன் அதை ஏதோ ராஜ்தூத் என்று நினைத்திருந்தான். செல்லப்பாண்டி சைலன்சர் போகிற வளைவைப் பார்த்திருக்கிறான். உடனே உட்கார்ந்து, ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள கழுத்தில் மண்ணெண்ணெயை விட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறான். அரைமணி நேரம் தேய்த்ததும் சேஸிஸ் எண்கள் தெரிந்தன. வீட்டுக்குப் போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தானாம். அது நான் எழுதிய புகாரின் நகல். இருபது வருஷமாக பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான்!

எடைக்கு வாங்கி, தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, என் கடையைப் பார்த்து நிறுத்தினான். கல்லாவில் உட்கார்ந்திருந்த நான் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டேன்.

முதலில் பம்பைத்தான் கழற்றினான். யாரும் அடைத்திருக்கவில்லை, அப்படியே இருந்தது. மற்ற மெக்கானிக்குகளைக் கூப்பிட்டுக் காட்டினான். "இருபது வருஷத்துல எவனாவது பம்பத் திரும்ப மாட்டிருப்பான்" என்று நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். அது அவன் காதுக்குப் போயிருக்கும். மறுநாள் மத்தியானம் ஒரு கறுத்துப்போன பிளாஸ்டிக் டப்பாவோடு ரோட்டைத் தாண்டி வந்தான். இருபது வருஷத்தில் அவன் என் கடைப்படி ஏறியது அன்றுதான்.

"அண்ணாச்சி, நீங்க எண்ணெ யாவாரி. இது என்ன எண்ணெனு மோந்து பாத்துச் சொல்லுங்க."

அது வண்டியின் ஆயில் டேங்க். அடியில் தார் மாதிரி எண்ணெய் கட்டிக் கிடந்தது. மோந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை, வாடை தானாகவே வந்தது. காறிப்போன நல்லெண்ணெய்.

"இது என்னனும் சொல்லுங்க" என்று உள்ளங்கையை விரித்தான். நுனி கருகிய நூல்திரி. "பம்புக்குப் போற ஓட்டைய இதுதான் அடச்சிக் கிடந்திச்சு. விளக்குத் திரி எப்படி அண்ணாச்சி வண்டிக்குள்ள போவும்?"

எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். காப்புக் கட்டப் போன அன்று அண்ணன் குலசேகரன்பட்டினம் அம்மன் கோயிலிலிருந்து, விளக்கில் எரிந்து மிஞ்சிய எண்ணெயை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தான். எங்கள் வீட்டில் அதை நெற்றியில் தடவுவோம், தராசிலும் கல்லாப்பெட்டியிலும் ஒரு சொட்டு வைப்போம். ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது நான். எண்ணெய் ஊற்றுகிற இடத்தில் அம்மன் எண்ணெயை ஊற்றினால் அண்ணனுக்கு ஒரு ஆபத்தும் வராது என்று மூடியைத் திறந்து மிச்சம் இருந்த பாட்டிலைக் கவிழ்த்தேன். தராசுக்கு ஒரு சொட்டு போதும் என்று தெரிந்தவனுக்கு வண்டிக்கு மட்டும் ஏன் பாட்டில் கணக்குத் தோன்றியதோ! திரி உள்ளே போனதை அப்போது கவனிக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் "ஆயிலே போகல" என்ற சொல்லைக் கேட்ட நிமிஷமே எனக்கு உறைத்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு வேகமாக ஸ்டேஷனுக்குப் போனேன்.

செல்லப்பாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே எல்லாவற்றையும் வாசித்திருப்பான்.

"நான் சொன்னா உங்க அண்ணன் நம்ப மாட்டான். நீங்களே சொல்லிருங்க. வண்டி ஓடுததுக்குள்ள சொல்லிருங்க" என்றான். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு வந்த மாதிரி நாட்கள் என் விரோதிக்குக்கூட வரக்கூடாது. விரோதி எதிரேதான் இருந்தான், சந்தோஷமாக வேலை பார்த்துக்கொண்டு. இறுகிய பிஸ்டனை டீசலில் பதினொரு நாள் ஊறவைத்து, கட்டை வைத்துத் தட்டி எடுத்தான். புதுப் பிஸ்டன் கொழும்பிலிருந்து வந்தது. ரப்பர் சீல்களைத் தருவைகுளத்தில் படகு இன்ஜின் பார்க்கிறவர்களிடம் வாங்கினான். வேறொரு வண்டியின் பெட்ரோல் டேங்கை வெட்டி ஒட்டினான். வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறான், எனக்கு அவகாசம் கொடுக்கிறான் என்று தோன்றியது. அவன் தயவில் நான் இருப்பதா என்று பற்றிக்கொண்டு வந்தது. தினமும் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்துவிட்டு நிற்பேன். "என்னலே?" என்பான். "ஒண்ணுமில்லண்ணே" என்று இறங்கிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வண்டி கிளம்பியது. ஏழாவது உதையில் பிடித்தது. ர்ர்ரென்று தெருவே அதிர்ந்தது. மாடியில் அண்ணனுடைய கம்பு தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. காது அவனுக்கும் உண்டு. யாரும் பிடிக்காமல் படியிறங்கி, வருகிற லாரியைப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினான்.

"ஏலே செல்லப்பாண்டி! எங்கால ஒடிச்சது பத்தலையாலே? அதக் கொண்டாந்து எங்கண்ணு முன்னால ஓட்டிக் காட்டுதியோ?"

கம்பு செல்லப்பாண்டியின் தோளில் இறங்கியது. அவன் தடுக்கவில்லை. அண்ணனைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவது அடி முழங்கையில் விழுந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்! தெரு முழுக்கக் கூடிவிட்டது. திரியைக் காட்டு, சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன். அவன் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது அடிக்குக் கம்பு உயர்ந்தபோது ஓடிப்போய் அண்ணனைக் கட்டிப் பிடித்தேன். இன்ஜின் இரைச்சலில் அவன் காதோடு வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னை உதறினான். கம்பைத் தூர எறிந்துவிட்டு, ஒற்றைக் காலில் தத்தி, செல்லப்பாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டான். "கையக் காட்டுலே" என்றான். இருபது வருஷம் கழித்து அவனிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அது. அப்புறம் இருவரும் பட்டறைக்குள் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து அண்ணன் என் கையால் சாப்பிடுவதில்லை. பகல் முழுக்க எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். என் கடைப்பக்கம் திரும்புவதில்லை.

மறுநாள் நான் பட்டறைக்குப் போனேன். நானாகத்தான் போனேன், யாரும் தள்ளிவிடவில்லை. "தப்பு எம்மேலதான்" என்றேன். செல்லப்பாண்டி கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் பேசினான்.

"ஸ்டேஷன்ல சத்தமா சொன்னிய அண்ணாச்சி. நேத்து காதுல சொன்னிய. இன்னைக்கு ஆளில்லாத நேரம் பாத்து வந்து சொல்லுதிய. நேத்து ரோட்டுல நின்னவன் பூரா நான் அடிவாங்குனதத்தான் பாத்தான். கால ஒடிச்சவன் வாங்கிக் கட்டிக்கிட்டான்னு பேசுதானுவ."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவனிடம் எனக்கு ஆகவே ஆகாத விஷயம்.

எங்கள் வியாபாரிகள் சங்கம் இந்த வருஷ மலருக்குக் கடைத்தெரு மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னது. மலர் ஊரிலுள்ள எல்லாக் கடைக்கும் போகும், ஸ்டேஷனுக்கும் ஒன்று போகும். யாரைப் பற்றியும் எழுதியிருக்கலாம். இவனைப் பற்றி எழுதினேன். இன்றைக்கும் செல்லப்பாண்டியை எனக்குப் பிடிக்காது, அவன் புகையும் பிடிக்காது. ஆனால் 2004ஆம் வருஷம் ஆயுத பூஜையன்று என் அண்ணன் வண்டியின் ஆயில் டேங்கில் விளக்கு எண்ணெயை ஊற்றியவன் தாணுலிங்கமாகிய நான். செல்லப்பாண்டி அந்தப் பம்பைத் தொடவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.