‘பிரச்சினை இல்லை’ என்று சொன்ன பக்கம்

1. ஒரே நம்பருக்கு இரண்டு பதில்

போனில் பேசிய பெண்மணி தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார்.

“ஏனுங்க, இது கம்ப்யூட்டர் ஆபீசுங்களா? கோழித் தீவன சைட்டுல அடியில இந்த நம்பர் போட்டிருந்துச்சுங்க.”

“ஆமாங்க, சொல்லுங்க.”

“சேந்தமங்கலம் பக்கத்துல பண்ணை வெச்சிருக்கிறனுங்க. பாவாயின்னு பேரு. மூட்டையில இருக்கிற நம்பரைப் போட்டுப் பாருங்கன்னு கம்பெனியில இருந்து வாட்ஸப்புல வந்துச்சு. காத்தால நான் போட்டேன், ‘இந்தத் தீவனத்தைப் போடாதீர்கள்’னு வந்துச்சு. இப்ப எம் மவ போட்டா ‘பிரச்சினை இல்லை’ன்னு வருது. எதைங்க நம்பறது? மத்தியானத் தீவனம் வைக்கோணும். கோழியெல்லாம் கத்துது.”

பேட்ச் நம்பரைக் கேட்டு வாங்கினேன். போனை வைக்காமலே என் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். பச்சை எழுத்தில் ‘இந்த பேட்ச்சில் பிரச்சினை இல்லை’ என்று வந்தது. மறுபடி அடித்தேன். சிவப்பு எழுத்தில் ‘போடாதீர்கள்’ என்று வந்தது. இன்னொரு முறை அடித்தேன். பச்சை.

“அக்கா, அந்த மூட்டையைத் தொடாதீங்க. சைட் என்ன சொன்னாலும் சரி, நான் திரும்பக் கூப்பிடற வரைக்கும் போடாதீங்க.”

“அப்ப செவப்புதானுங்களா சரி?”

“செவப்புதாங்க சரி.”

காரணம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். டேட்டாபேஸில் இல்லாத ஒரு சிவப்புப் பதிலை ஸ்கிரிப்ட் தானாகக் கற்பனை செய்து சொல்லாது. இருப்பதை இல்லை என்று சொல்ல ஆயிரம் வழி உண்டு.

2. உப்பு

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். நான், சதீஷ், இன்னும் இரண்டு பேர். லாரி புக்கிங் ஆபீஸ், போர்வெல் போடும் ரிக் வண்டிக் கம்பெனி, நூல் மில் என்று இந்தப் பக்கத்துத் தொழில்களுக்கு வெப்சைட் எழுதுவதுதான் இருபது வருடங்களுக்கு மேலாக என் வேலை. நாமக்கல் போகிற வழியில் உள்ள அந்தத் தீவன மில்லின் சைட், முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கம்பெனியை மூடிவிட்டதால் எங்கள் கைக்கு வந்தது. வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று காலை மில்லில் ஒரு விபரீதம் தெரியவந்திருந்தது. கலவை மெஷினில் எடை போடும் பகுதி பழுதாகி, சில பேட்ச்களில் உப்பு இரண்டு மடங்குக்கு மேல் விழுந்துவிட்டது. மில்லின் கால்நடை டாக்டர் ரேவதி, ஒரு பண்ணையில் கோழிகள் ஓயாமல் தண்ணீர் குடித்துக் கழிவதைப் பார்த்துவிட்டு, தீவனத்தைச் சோதித்து இதைக் கண்டுபிடித்தார். உப்பு அதிகமானால் கோழி தாங்காது. அடுத்த வேளைத் தீவனம் போடாமல் நிறுத்தி, நல்ல தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். போட்டால் சாவு ஆரம்பித்துவிடும்.

மில் முதலாளி நல்லசிவம் மறைக்கவில்லை. கெட்ட பேட்ச் நம்பர்களை உடனே டேட்டாபேஸில் ஏற்றச் சொன்னார். ஏஜெண்டுகள் வழியாகப் போன மூட்டைகள் எந்தெந்தப் பண்ணைக்குப் போயின என்று மில்லுக்கே முழுதாகத் தெரியாது. அதனால் வாட்ஸப்பில் செய்தி அனுப்பினார். பேட்ச் நம்பரையும் மொபைல் நம்பரையும் அடித்தால் பதில் வரும். செய்தி ஒரு மணி நேரத்தில் மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. சரியான காரியம்தான். பதில் சொல்லவேண்டிய பக்கம்தான் பொய் சொன்னது.

3. அட் குறி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பண்ணைக்காரர் நம்பரை அடித்து பட்டனை அமுக்கியதும் சர்வரில் உள்ள, பிஹெச்பி மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் ஓடும். அது முதலில் டேட்டாபேஸுக்கு ஒரு கனெக்‌ஷன் போடும். அது கிடைத்தபின் ‘கெட்ட பேட்ச் பட்டியலில் இந்த நம்பர் உண்டா?’ என்று கேட்கும். உண்டு என்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே வருகிற வேலை.

ஆனால் ஒரே நேரத்தில் இத்தனை கனெக்‌ஷன்தான் என்று, சைட்டுக்கு சர்வரை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங்கில் ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் வருகிறவரை டேட்டாபேஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். சாதாரண நாளில் அந்த சைட்டுக்கு வருகிறவர்கள் குறைவு. அன்று பண்ணைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். போதாக்குறைக்கு, பக்கத்தின் தலைப்புக்கு ஒரு கனெக்‌ஷன், முட்டை விலை ஓடும் பட்டைக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று ஒரே ஆளுக்குத் தனித்தனியாகத் திறந்து வைத்திருந்தார்கள்.

சதீஷ் ஸ்கிரிப்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

“மேடம், இங்க பாருங்க. கனெக்ட் லைனுக்கு முன்னாடி ஒரு அட் குறி போட்டு வெச்சிருக்காங்க.”

பிஹெச்பியில் ஒரு வரிக்கு முன் அந்த @ குறியைப் போட்டால், அந்த வரி எழுப்பும் எர்ரர் செய்தி வெளியே வராது. அதற்குப் பின்னால் ‘கனெக்‌ஷன் கிடைத்ததா?’ என்ற சோதனையும் இல்லை. கனெக்‌ஷன் இல்லை, அதனால் கேள்வி போகவில்லை, அதனால் பட்டியலிலிருந்து ஒரு வரிகூடத் திரும்பி வரவில்லை. வரி ஏதும் வராவிட்டால் பேட்ச் கெட்ட பட்டியலில் இல்லை என்று ஸ்கிரிப்டுக்கு அர்த்தம். பச்சை எழுத்து.

கேட்கவே போகாத கேள்விக்கு ஸ்கிரிப்ட் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

“இப்ப கனெக்‌ஷன் லிமிட்டை ஏத்தச் சொல்லி ஹோஸ்டிங்காரங்களுக்கு மெயில் போடட்டுமா?” என்றான் சதீஷ்.

“போடு. ஆனா அதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்தை எறக்கு.”

“எறக்கிட்டா ஜனங்க என்ன பண்ணுவாங்க?”

“பயந்துக்கிட்டு டாக்டருக்கு போன் பண்ணுவாங்க. பச்சையைப் பாத்துட்டுத் தீவனம் போடறதுக்கு அது எவ்வளவோ மேல்.”

4. எல்லாருக்கும் தெரியட்டும்

பக்கத்தை இறக்கிவிட்டு நல்லசிவத்தைக் கூப்பிட்டேன். டாக்டர் ரேவதியும் அவர் பக்கத்தில்தான் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

பிறகு நல்லசிவம் கேட்டார்.

“எத்தன பேருக்குங்க தப்பாப் போயிருக்கும்?”

“எண்ணிச் சொல்றேங்க. அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்குது. டேட்டாபேஸே தேவைப்படாத மாதிரி ஒரு சாதாரணப் பக்கம் போடறேன். கெட்ட பேட்ச் நம்பர் மொத்தமும் அதுல வரிசையா இருக்கும். அவங்கவங்க மூட்டையைப் பாத்துக்கிடட்டும். எத்தன ஆயிரம் பேர் வந்தாலும் அது படுத்துக்காது.”

“மொத்தமுமா?”

“மொத்தமுங்க.”

அவருடைய தயக்கம் எனக்குப் புரிந்தது. நம்பர் அடித்துக் கேட்கும் பக்கத்தில் அவரவர் மூட்டை மட்டும்தான் அவரவருக்குத் தெரியும். பட்டியலாகப் போட்டால் எவ்வளவு சரக்கு கெட்டது என்பது போட்டி மில்காரர்கள் உட்பட ஊருக்கே தெரியும்.

“ஏனுங்க மேடம், எங்கப்பா காலத்துல இருந்து சேத்த பேருங்க இது. சர்வர் படுத்துக்கிச்சுன்னு ஒரு மணி நேரம் சொல்லிக்கலாமுங்களா? அதுக்குள்ள பழைய பக்கத்தையே சரி பண்ணிருங்க.”

“ஒரு மணி நேரத்துல சரி பண்ணிருவேங்க. அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்த ஒரு மணி நேரத்துலதான் மத்தியானத் தீவனம் வைப்பாங்க.”

டாக்டர் ரேவதி குறுக்கிட்டார். “சார், காலைல நான் பார்த்த பண்ணையில தண்ணித் தொட்டிகிட்ட ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து கிடந்துச்சு. இன்னொரு பண்ணையில அதைப் பார்க்க என்னால ஆகாது. மேடம் சொல்றதைப் போடச் சொல்லுங்க.”

நல்லசிவம் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது.

“போடுங்க. மேல கொட்டை எழுத்துல எம் பேரும் எம் போன் நம்பரும் போட்டிருங்க. ஆளு ஓடி ஒளிஞ்சுட்டான்னு யாரும் சொல்லக்கூடாது.”

அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் சதீஷ் டைப் அடிக்க ஆரம்பித்திருந்தான். படம் இல்லை, விலைப் பட்டை இல்லை, வெறும் எழுத்துதான். நான் செய்த பக்கங்களிலேயே அழகில்லாதது அதுதான். உபயோகமானதும் அதுதான்.

பாவாயி அக்காவை முதலில் கூப்பிட்டுச் சொன்னேன். “தண்ணி மட்டும்தான் வெச்சிருக்கறனுங்க. பக்கத்துப் பண்ணைக்காரங்களுக்கும் சொல்லிப்போடறேன்” என்றார். அவர் சொன்னதிலேயே நாலைந்து பண்ணைகள் தப்பித்தன என்று பிறகு தெரிந்தது.

5. லாக் சொன்னது

அடுத்த கேள்வி, பச்சையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் யார் என்பது. அவர்கள் இனி சைட்டைத் திறக்க மாட்டார்கள். நிம்மதியாகத் தீவனம் போடப் போயிருப்பார்கள்.

பழைய ஸ்கிரிப்டில் இருந்த இன்னொரு தவறு இங்கே கைகொடுத்தது. அடித்த பேட்ச் நம்பரும் மொபைல் நம்பரும் வெப் முகவரியோடு ஒட்டிப் போகும்படி எழுதியிருந்தார்கள். அடுத்தவர் போன் நம்பரை அப்படி அனுப்பக் கூடாது. ஆனால் அதனாலேயே, வந்த ஒவ்வொருவரின் நம்பரும் சர்வரின் பதிவேடான லாகில் வரிசையாகப் பதிந்திருந்தது. லாகில் ஒவ்வொரு வரியிலும் அனுப்பிய பக்கத்தின் அளவும் இருக்கும். சிவப்புப் பக்கத்தில் டாக்டரின் அறிவுரை நீளமாக உண்டு. பச்சைப் பக்கம் சின்னது. கெட்ட பேட்ச் நம்பரைக் கேட்டு, சின்னப் பக்கத்தை வாங்கிக்கொண்டு போனவர்களை மட்டும் பிரித்தெடுக்க எனக்கு ஒரே ஒரு கமாண்ட் போதுமானதாக இருந்தது.

பட்டியலைப் பங்கு போட்டுக்கொண்டோம். மில் ஆபீசில் பாதி, எங்கள் ஆபீசில் பாதி. நான் பேசியவர்களில் சிலர் திட்டினார்கள். ஒருவர், “போட்டி மில்லுல இருந்து பேசறீங்களா?” என்று கேட்டார். பலர் தீவனத்தை இன்னும் வைக்கவில்லை. சிலர் வைத்துவிட்டு, சொன்னதும் ஓடிப்போய் அள்ளினார்கள். சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி நம்பர் வரை பேசி முடித்தோம்.

ஒருவர் மட்டும் போனை எடுக்கவில்லை. எருமப்பட்டிப் பக்கத்து முத்துசாமி. மில் ஆட்கள் ஏஜெண்டிடம் விசாரித்து நேரிலேயே போனார்கள். அதற்குள் தீவனம் வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

6. எருமப்பட்டி

இரண்டு நாள் கழித்து நல்லசிவத்தோடும் டாக்டரோடும் நானும் அங்கே போனேன். நான் வர வேண்டியதில்லை என்று நல்லசிவம் சொன்னார். எனக்குப் போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

முத்துசாமிக்கு என்னைவிட வயது குறைவு. அவருடைய ஒரு ஷெட்டில் பாதிக் கூண்டுகள் காலியாக இருந்தன. மீதிக் கோழிகளை டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். கோழிக்குக் கோழி கொடுத்துவிடுகிறேன் என்று நல்லசிவம் சொன்னார். முத்துசாமி சரியென்று தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் அந்த சைட்டைப் பாக்கறீங்களா?”

“இப்ப நாங்கதாங்க பாக்கறோம்.”

“எனக்குச் சந்தேகமாத்தானுங்க இருந்துச்சு. கோழி தண்ணிக்கே அலைஞ்சுது. டாக்டருக்குப் போன் போடலாம்னு கையில எடுத்தேன். சரி, மொதல்ல சைட்ல பாப்பம்னு போட்டேன். பச்சையா வந்துச்சு. போனை உள்ள வெச்சுட்டுத் தீவனத்தைக் கொட்டிட்டேன். தெரியலைன்னு வந்திருந்தாக்கூடப் போதுமுங்க, டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். நான் எழுதாத ஸ்கிரிப்ட்தான். ஆனாலும் அந்தக் காலிக் கூண்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இனிமே அப்படித்தாங்க வரும்” என்று மட்டும் சொன்னேன்.

7. நிறுத்திக் காட்டுவது

அந்த சைட்டைப் புதிதாகவே எழுதினோம். கனெக்‌ஷன் போடும் வேலை ஒரே ஃபைலில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு கனெக்‌ஷன்தான். வேலை முடிந்ததும் மூடப்படும். கனெக்‌ஷன் கிடைக்காவிட்டால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நிற்கும். எர்ரரின் விவரம் எங்களுக்கு லாகில் போகும், பார்ப்பவருக்குப் புரிகிற தமிழில் ஒரு செய்தி போகும். உள் விவரத்தை வெளியே காட்டக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் விவரத்தை மறைப்பது வேறு, தோல்வியையே மறைப்பது வேறு. பழைய ஸ்கிரிப்டை எழுதியவர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார்.

எங்கள் ஆபீசில் கனெக்ட் வரியை எல்லோரும் சரியாக எழுதுவார்கள். அது கிடைக்காதபோது பக்கம் என்ன பேசும் என்பதை எழுதிக் காட்டிய பிறகுதான் நான் வேலையை ஒப்புக்கொள்வேன். சைட்டைக் கொடுக்கும் நாளில் வாடிக்கையாளர் எதிரிலேயே டேட்டாபேஸை நிறுத்திக் காட்டுவேன். லாரி ஆபீஸ்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

மில்லின் புது சைட்டைக் கொடுத்த அன்று நல்லசிவம் தன் ஏஜெண்டுகளையும் வரச் சொல்லியிருந்தார். சிவப்பு, பச்சை இரண்டையும் காட்டினேன். பிறகு டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, அவரையே ஒரு நம்பர் அடிக்கச் சொன்னேன். அடித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மெதுவாகப் படித்தார்.

“‘உங்கள் பேட்ச் பற்றி இப்போது எங்களால் பார்க்க முடியவில்லை. பதில் தெரியும்வரை இந்தத் தீவனத்தைப் போடாதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள்.’”

படித்துவிட்டு ஏஜெண்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.

“இதுதானுங்க நமக்கு வேணும்” என்றார்.