நானூற்று எழுபது வரை

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. "பெத்த பிள்ளையைக் காரில் தனியா விட்டுட்டு ஒருத்தி போவாளா?" என்று கேட்கப்போகிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். போனேன். சொந்தபந்தம் இல்லாத ஊரில் ஒரு தையல் மெஷினையும் நாலு வயதுப் பெண்ணையும் வைத்துக்கொண்டு ஒண்டியாகக் காலம் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

அன்று புதன்கிழமை. மத்தியானம் மூன்று பத்து. தைக்கிற ஜிப் தீர்ந்துவிட்டது. கடைக்கு எதிரிலேயே காரை நிறுத்தினேன். பின் சீட்டில் வலப்பக்கம் பொடிசு, பெல்ட் போட்டபடி. இடப்பக்கம் எப்போதும் போலத் துணி மூட்டைகள். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டேன்.

அவளுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும்.

"இருபது எண்ணினா ஒரு விரலை மடக்கு. அஞ்சு விரலும் மடங்குறதுக்குள்ள அம்மா வந்துடுவேன். வாயை மூடிட்டு எண்ணணும்."

"வாயை மூடினா எப்பிடிம்மா எண்றது?"

சிரித்துக்கொண்டே ஓடினேன். கடையில் கூட்டம். திரும்பும்போது மூன்று பதினாறு.

கண்ணாடி முழுசாக ஏறியிருந்தது. சாவி என் கையில்.

துணி மூட்டைகள் கீழே கிடந்தன. காலி சீட்டின் குறுக்கே பெல்ட்... மாட்டியிருந்தது.

வலப்பக்கக் கதவைத் திறந்தேன். அனல் அடித்தது. இடப்பக்கத்திலிருந்து மட்டும்.

பொடிசு கண்ணை மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"நானூத்தி அறுபத்தி ரெண்டு... நானூத்தி அறுபத்தி மூணு..."

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"இந்த அக்கா." காலி சீட்டைக் காட்டினாள். "நிறுத்தக் கூடாதாம். நிறுத்தினா அவங்கம்மா வரமாட்டாங்களாம்."

பொடிசின் பெல்ட் பட்டனை அழுத்தினேன். கழலவில்லை.

மறுபடி அழுத்தினேன். இல்லை.

"நானூத்தி எழுபது..."

அது என் மகளின் குரல் இல்லை.

கோபம் வந்தது.

"உங்கம்மா வராதது என் பிள்ளையோட குத்தம் இல்ல," என்றேன், அந்தச் சீட்டைப் பார்த்து. "இவ அம்மா வந்தாச்சு. விடு."

டக்.

கழன்றது.

பொடிசை வாரித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அங்கே நின்றபடியே, எனக்கு இந்தப் பழைய காரை விற்ற மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இந்த வண்டியில என்ன நடந்துச்சு?"

ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"முதல்ல வச்சிருந்த அம்மாவுக்கு ஆறு வயசுல ஒரு பொண்ணு. ஐநூறு எண்ணுன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிருக்கு. வெயில் காலம். முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு..."

"எந்தப் பக்கம் உக்காந்திருந்தா?"

"இடப்பக்கம். பெல்ட்டை அறுத்துத்தான் எடுத்தாங்க. அப்புறம் நான் புதுசு போடல தங்கச்சி. அந்தப் பக்கம் பெல்ட்டே கிடையாது."

திரும்பிப் பார்த்தேன். கிடையாது. அறுந்த நுனி மட்டும்.

வண்டியை விற்றுவிடு என்கிறார்கள். மாட்டேன். விற்றால் இன்னொருத்தி வாங்குவாள். அவளும் அஞ்சு நிமிஷம்தானே என்று இறங்குவாள்.

இப்போது எங்கே நிறுத்தினாலும் இரண்டு கதவையும் திறக்கிறேன். பொடிசை இடுப்பில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் குனிந்து சொல்கிறேன்: "எண்ணினது போதும். நீயும் இறங்கு."

டக் என்று ஒரு சத்தம் கேட்கும்.

அதற்கப்புறம்தான் கதவைச் சாத்துகிறேன்.