இரும்பைக் கவ்வும் பொடி

"ஒன்றும் செய்யாது" என்று யாராவது சொன்னால் என் கை தானாகப் பின்னால் போய்விடும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுத் திருப்பூர் சாயப்பட்டறைக்குப் போனபோது முதலில் கேட்ட வார்த்தை அதுதான். கொஞ்ச நாளில் உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. போன ஆனியில் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் தெளிப்பு வேலைக்கு வந்து நின்றேன்.

குருத்திலை எல்லாம் வெளிறியிருந்தது. நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்து ஏறவில்லை என்று உரக்கடையில் தோட்டக்காரருக்கு ஒரு பொடியைக் கொடுத்திருந்தார்கள். பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். பொட்டலத்தில் இரும்பு செலேட் என்று போட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"இரும்ப வெறுமன போட்டா மண்ணே புடிச்சு வச்சுக்கிடும்வே. இது நண்டு மாரி இரும்பக் கவ்விக்கிட்டுப் போயி செடிகிட்ட விடும்" என்றார் தோட்டக்காரர். கடைக்காரர் சொன்னதை ஒப்பிக்கிறார் என்று தெரிந்தது.

"இரும்பையே கவ்வுதுன்னா, நம்ம மேல பட்டா என்ன செய்யும் அண்ணாச்சி?"

"ஒண்ணும் செய்யாது. இது மருந்து இல்லவே, சத்து."

பூச்சிமருந்து என்றால் எங்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு. மூக்கில் துண்டு கட்டுவோம். காற்றுக்கு எதிரே நிற்க மாட்டோம். சோப்புப் போட்டுக் கை கழுவும்வரை வெற்றிலையைத் தொட மாட்டோம். சத்து என்று சொல்லிவிட்டால் அந்த ஒழுங்கெல்லாம் போய்விடும். வாளிக்குள் முழங்கைவரை விட்டுக் கலக்குவோம்.

என்னோடு தெளிக்க வந்தவனுக்குச் சின்ன வயதிலேயே இடக்கண் போய்விட்டது. வலக்கண் ஒன்றை வைத்துத்தான் பிழைப்பு. அன்று அவன் வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தான். துண்டைக் கட்டு என்றேன்.

"ஏலே, உனக்குப் பாயசத்தக் கண்டாலும் சந்தேகந்தான்" என்று சிரித்தான்.

மேற்கே மலைப்பக்கமிருந்து ஆனிக்காற்று ஒரு தள்ளு தள்ளியது. பொடி அவன் முகத்தில் அடித்தது. கண்ணைக் கசக்கினான். அடுத்த நிமிடம் "எரியுதுலே, தெரியலலே" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

தோட்டக்காரர் விளக்கெண்ணெய் விடலாம் என்றார். வாழையில் சருகு அறுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எண்ணெயும் வேண்டாம், எழவும் வேண்டாம். வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போங்க. கண்ணத் தொறந்து தண்ணிய விடுங்க!"

ஓடுகிற தண்ணீரில் அவனைச் சாய்த்துப் பிடித்து, இமையை விரித்து, கை ஓயும்வரை தண்ணீரை விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் தோட்டக்காரர் காலிப் பொட்டலங்களை அவசரமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒளிக்கிறார் என்று நினைத்தேன். ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் கண் டாக்டரம்மா முன்னால் நான் என் பொட்டலத்தை வைத்தேன். தோட்டக்காரரும் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்தார். டாக்டரிடம் காட்டத்தான் அவரும் பொறுக்கியிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா படித்துப் பார்த்தார். "இது பட்டா கண் உறுத்தும், சிவக்கும். இந்த மாதிரி வெந்துபோகாதே" என்றார். மேல் இமையைத் திருப்பிப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். பஞ்சில் வெள்ளையாகத் துணுக்கு ஒட்டியிருந்தது. பொடியோ பழுப்பு.

"வெத்தலை போடுவீங்களா?"

அவனுடைய ஆள்காட்டி விரலை நான் தூக்கிப் பார்த்தேன். நகக்கண்ணில் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு இன்னும் இருந்தது.

"உடனே கழுவுனது நல்லதாப் போச்சு. பார்வை என்ன ஆகும்னு கட்டுப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

இருக்கிற ஒரே கண்ணையும் கட்டி ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கக்கூசுக்குக்கூட வந்தான். சோற்றைப் பிசைந்து கையில் வைத்தால் சாப்பிட்டான். பார்வை வராவிட்டால் அவனுக்கு என்ன வழி என்று நினைத்து எனக்கு ராத்திரித் தூக்கம் வரவில்லை.

எனக்கு டாக்டர் பேச்சிலும் முழு நம்பிக்கை இல்லை. படித்தவர்கள் கம்பெனிப் பக்கம் பேசுவார்கள் என்று ஓர் எண்ணம். பொட்டலத்தின் மூலையில் ஒட்டியிருந்த பொடியைத் தண்ணீரில் குழைத்து இடது முழங்கையின் உட்புறம் தடவி, துணி சுற்றிக் கட்டினேன். பொழுது சாயும்போது அவிழ்த்தேன். நல்ல தோலில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். வாழை மட்டை கிழித்திருந்த கீறலில் மட்டும் சுரீரென்று எரிந்தது. டாக்டரம்மா சொன்னதோடு ஒத்துத்தான் போனது. ஆனாலும் பொடியைச் சும்மா விட எனக்கு மனமில்லை. அது உறுத்தாமல் இருந்திருந்தால் அவன் கண்ணைக் கசக்கியிருக்க மாட்டான். சத்து என்று தோட்டக்காரர் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் விரலில் சுண்ணாம்பும் இருந்திருக்காது. யாரைப் பிடிப்பது?

கட்டைப் பிரித்த அன்று தோட்டக்காரரும் வந்து சுவரோரம் நின்றார். அவன் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தான். டாக்டரம்மா காட்டிய எழுத்துகளைக் கடைசி வரிக்கு முந்தின வரிவரை சொன்னான்.

"எல்லாம் தெரியுதா?"

"தெரியுதும்மா."

சீக்கிரம் சொல்லிவிட்டான் என்று எனக்குப் பட்டது. வேலை போய்விடும் என்று பயந்து சொல்கிறானோ? எழுத்துகளை முன்னால் வந்தவர் படிக்கக் கேட்டு ஒப்பித்திருப்பானோ?

பேருந்தில் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். அவன் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மடிக்குக் கீழே, அவன் கண்ணின் ஓரத்துக்கு மட்டும் எட்டுகிற மாதிரி, சுண்டுவிரலைப் பைய அசைத்தேன்.

"விரல வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாலே?" என்றான், தலையைத் திருப்பாமலே.

சேரன்மகாதேவி வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.